மூன்றாவது துண்டில் யார்?

(ஆக்லாந்து வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என்ர தமிழில் பிழை இருந்தால் பிறகு சொல்லித் தாங்கோ.

எங்கட வட்டத்துக்கு வரும் அண்ணா ஒருவருக்குக் கண்பார்வை இல்லை. கணினியில் திரைவாசிப்பான் வைத்துத்தான் வாசிப்பார். மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய ஒரு பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணி, எழுத்துணரி மென்பொருளில் போட்டு, அவருக்கு அனுப்பினேன். வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சேன். அடுத்த நாள் போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு பக்கத்தில 525, 300, 150 எண்டு மட்டும் வாசிக்குது. என்ன கணக்கு இது?"

அது ஒரு வட்ட வரைபு. மென்பொருள் எண்களை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறது. எது எந்தத் துண்டின் எண், அது ஆயிரக்கணக்கு என்ற குறிப்பு, எல்லாம் போய்விட்டது. "மூன்று துண்டுள்ள வட்டப் படம்" எண்டு எழுதி அனுப்பினேன்.

"படம் இருக்கு எண்டு விளங்குது. படம் என்ன சொல்லுது?"

அது சொல்வது 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை. சுமார் 975,000 நாடற்ற மக்கள். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அந்தப் "பிறகு" வர 1974 ஆனது. அப்போது இரண்டு அரசுகளும் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டன. இவ்வளவு பெரிய அநியாயம் அண்ணாவின் காதுக்கு வெறும் "150" என்றுதான் போய்ச் சேர்ந்தது.

இப்போது நான் இப்படிச் செய்கிறேன். முதலில் என்ன வகை வரைபு, தலைப்பு, ஆண்டு, அலகு. பிறகு அது சொல்லும் முக்கியமான விஷயம் ஒரே வசனத்தில். அதன்கீழ் எல்லா எண்களும் அட்டவணையாக. இதை வரைபு வரும் இடத்திலேயே வைக்க வேணும், புத்தகத்தின் கடைசியில் இல்லை. ஸ்கேனில் ஓர் எண் மங்கலாக இருந்தால் "தெளிவில்லை" என்றே எழுத வேணும், ஊகிக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவு அழகாக விவரிக்கும், ஆனால் எண்ணைப் பிழையாகவும் சொல்லும். அதனால் ஒருவர் எழுத, இன்னொருவர் புத்தகத்தைத் திறந்து வைத்துச் சரிபார்க்க வேணும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. பார்வையற்றோர் வாசிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றுவதற்குப் பதிப்புரிமையில் விலக்குக் கொடுக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். இலங்கை 2016இல் சேர்ந்தது, நியூசிலாந்து 2019இல். எழுத்தோடு வரும் படங்களும் அந்த உடன்படிக்கையில் அடக்கம்.

ஆனால் நாங்கள் எப்பவும் என்ன சொல்றம்? "முதல்ல எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுவம், வரைபுகளைப் பிறகு பாப்பம்." பிறகு பார்க்கப்படும் ஆட்களாக இருப்பது என்னவென்று மலையக மக்களுக்குத் தெரியும். அண்ணாவுக்கும் தெரியும்.

அந்தப் புத்தகத்தில் இன்னும் பதினொரு வரைபுகள் இருக்கு. ஒரு ஆளுக்கு ஒண்டு எடுத்தால் போதும். யார் முதல் வாறியள்?