ஓடுகிற கணினியில் கை வைப்பது

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

"கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது பேசுங்க, ஆனா தூங்க வெச்சிடாதீங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் நான் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அடுத்தவன் தப்பைக் கேட்கும்போது யாருக்கும் தூக்கம் வராது.

நாங்கள் படித்தபோது கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். கணினிக்குள் ஒரு கார்டு செருகுவதென்றால் முதலில் கரண்டை நிறுத்த வேண்டும். மூடியைக் கழற்றி, கார்டைச் செருகி, ஜம்பரைச் சரிபார்த்து, மூடிய பிறகுதான் சுவிட்ச். லேப் உதவியாளராக இருந்த அண்ணன் பின்னாலேயே நின்று, "தம்பி, கரண்ட் இருக்கும்போது கை வெச்சே, கார்டும் போயிடும், போர்டும் போயிடும்" என்பார்.

இன்று பென் டிரைவை எப்போது வேண்டுமானாலும் செருகுகிறோம், எடுக்கிறோம். ஓடுகிற கணினியில் ஒரு கருவியைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் ஹாட்பிளக் என்று பெயர். என் தவறு அதைப் பற்றியதுதான்.

கடலூரில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். 2015 வெள்ளத்தில் அவர்களுடைய தரைத்தளத்துக் கணினிகள் நனைந்து வீணாகிவிட்டன. அதன் பிறகு மாடியில் ஒரே ஒரு சர்வர் வைத்து, அதற்குள் மெய்நிகர் கணினிகளை நான் அமைத்துக் கொடுத்தேன். மெய்நிகர் கணினி என்றால் கையால் தொட முடியாத கணினி. அதன் பிராசசர், மதர்போர்டு, நெட்வொர்க் கார்டு எல்லாமே மென்பொருள்தான். இதைச் செய்கிற கியூஎமு என்ற மென்பொருளை ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003-இல் வெளியிட்டார். மூல நிரல் திறந்தே இருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம். 2007-இல் லினக்ஸ் 2.6.20-உடன் கேவிஎம் என்ற வசதியும் சேர்ந்ததால், இந்தப் பாவனைக் கணினி கிட்டத்தட்ட நிஜக் கணினியின் வேகத்திலேயே ஓடுகிறது.

அந்த அலுவலகத்தில் கணக்கு எழுதும் அம்மா ஒருவர் இருந்தார். தினமும் மாலையில் மாடிக்கு வந்து, சர்வர் திரையில் தெரியும் விண்டோஸில் அன்றைய கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுப்பார். "பென் டிரைவை அப்படியே பிடுங்காதீங்கம்மா. மூலையில இருக்கிற சின்னப் படத்தை அழுத்தி, 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துட்டு எடுங்க" என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

2019-இல் ஒரு நாள் அவர் அப்படியே செய்தார். ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று பென் டிரைவ், மற்றொன்று ஈதர்நெட் அடாப்டர். இரண்டும் ஆங்கிலம். கை இரண்டாவது வரியில் பட்டுவிட்டது. அடுத்த நொடி நெட்வொர்க் கார்டு கழன்றுபோய், கீழே இருந்த அத்தனை பேருக்கும் கணக்கு நின்றுவிட்டது.

விண்டோஸை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். வரவில்லை. வராது. உள்ளே விண்டோஸ் மறுபடி துவங்கினாலும் வெளியே அதே கியூஎமு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கழன்ற கார்டு அதற்குக் கழன்றதுதான். வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய நான் வழியும் வைக்கவில்லை. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். ஓடுகிற கணினியில் கார்டு மறுபடி ஒட்டிக்கொண்டது. கழற்றியதும் ஹாட்பிளக், காப்பாற்றியதும் ஹாட்பிளக்.

என் தவறு இனிமேல்தான் வருகிறது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். "பயன்படுத்துபவரின் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்த அம்மா சொன்னார்: "சார், விளக்கக் கடிதம் கேட்டாங்க. எழுதிக் கொடுத்துட்டேன். அரை நாள் சம்பளமும் போச்சு. நீங்க சொன்ன மாதிரிதான் சார் செஞ்சேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு மனசே சரியில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தை முழுதாகப் படித்தேன்.

கியூஎமுவில் ஒரு கருவியை நீக்கச் சொன்னால் அது உடனே பிடுங்கிவிடாது. உள்ளே இருக்கிற விண்டோஸிடமோ லினக்ஸிடமோ "இதை விட்டுவிடு" என்று கேட்கும். உள்ளே வேலையை முடித்து "எடுத்துக்கொள்" என்று பதில் வந்த பிறகுதான் எடுக்கும். இறங்குபவர் இறங்கிய பிறகுதான் கண்டக்டர் விசில் கொடுப்பார் அல்லவா, அதுபோல. ஆனால் உள்ளே இருப்பவர் தானாகவே "இறங்குகிறேன்" என்று சொன்னாலும் கியூஎமு இறக்கி விட்டுவிடும். அன்று நடந்தது இதுதான்.

சரி, நெட்வொர்க் கார்டு அந்தப் பட்டியலுக்கு எப்படி வந்தது? கணினி துவங்கும்போது மதர்போர்டு தன்னைப் பற்றிய ஒரு பட்டியலை இயங்குதளத்திடம் கொடுக்கும். ஏசிபிஐ அட்டவணை என்பார்கள். 1996-இல் இன்டெல் கொண்டுவந்த 440எஃப்எக்ஸ் என்ற போர்டைத்தான் கியூஎமு இன்றும் பாவனை செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பாவனைப் போர்டின் அட்டவணையில் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் "இதை வெளியே தள்ளலாம்" என்ற குறிப்பு இருந்தது. விண்டோஸ் அதை நம்பி, நெட்வொர்க் கார்டையும் பென் டிரைவ் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டது. கழற்றவே கூடாத பொருளைக் கழற்றலாம் என்று கணினியே காட்டினால், அழுத்தினவர் மேல் எப்படிக் குற்றம் சொல்வது?

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததல்ல. 2020 ஏப்ரலில் வந்த கியூஎமு 5.0-இல், பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்ட் ஒவ்வொன்றுக்கும் ஹாட்பிளக் வேண்டுமா வேண்டாமா என்று நாமே தீர்மானிக்கிற வசதியை யூலியா சுவோரோவா என்பவர் சேர்த்தார். பழைய 440எஃப்எக்ஸ் போர்டுக்கு அது உதவாது. அதற்கான வசதியை அனி சின்ஹா என்ற பொறியாளர் எழுதினார். அது 2020 டிசம்பரில் வந்த 5.2-இல் சேர்ந்தது. "ஆஃப்" என்று ஒரு வார்த்தை கொடுத்தால் போதும். "வெளியே தள்ளலாம்" என்ற குறிப்பே அட்டவணையில் எழுதப்படாது. விண்டோஸின் பட்டியலில் அந்த வரி வராது.

அதைக் கேட்காமலே எல்லாருக்கும் அணைத்துவிட்டிருக்கலாமே என்று தம்பிகள் கேட்கலாம். கூடாது. ஓடுகிற கணினியில் டிஸ்கைச் சேர்ப்பவர்கள் உலகம் முழுதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தேவை. அதனால்தான் பழைய வழக்கம் அப்படியே இருக்க, வேண்டாதவர் மட்டும் அணைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். ஒரு வசதியைச் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதை யார், எங்கே, எப்போது மறுக்கலாம் என்று யோசிப்பதும் அந்த வேலையில் பாதி.

2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-இல் கியூஎமு 5.2 இருந்தது. அந்த ஆண்டே கடலூர் சர்வரில் ஏற்றி, அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் அதற்கு முன்பே, 2019-லேயே, இன்னொரு வேலையை முடித்திருந்தேன். அலுவலக நிர்வாகியைப் பார்த்து, "ரிப்போர்ட்டில் நான் எழுதினது தப்பு. அமைப்பில் இருந்த குறை. பொறுப்பு என்னுடையது" என்று வேறு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க பில்லில பிடிச்சுக்கலாமா?" என்றார். "பிடிச்சுக்குங்க" என்றேன். பிடித்துக்கொண்டார். அம்மாவின் அரை நாள் சம்பளம் திரும்பி வந்தது. விளக்கக் கடிதத்தையும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மாணவர்களுக்கு இரண்டே வார்த்தை. கியூஎமு போன்ற மென்பொருளின் நிரலைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சிதம்பரத்தில் இருந்துகொண்டே படிக்கலாம். புரியவில்லை என்றால் தமிழிலேயே எழுதுகிற கணியம் இதழ் இருக்கிறது. பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. போய்க் கேளுங்கள். உங்களுக்கு வந்த ஒரு குறையைத் தெளிவாக எழுதி அனுப்புவதும் பங்களிப்புதான்.

இரண்டாவது, நாளைக்கு நீங்களும் ரிப்போர்ட் எழுதுவீர்கள். காரணம் என்ற கட்டம் வரும். "பயன்படுத்துபவரின் தவறு" என்று எழுதுமுன், அவர் முன்னால் அந்தப் பொத்தானை வைத்தது யார் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

லேப் அண்ணன் "கை வைக்காதே" என்று அன்று சொன்னது கார்டுக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன்.