செந்நாய்க்கு வக்காலத்து வாங்கியவர்

வாசகர் வட்டத்து நண்பர்களே, இவன் எப்போது முடிப்பான் என்று பின்வரிசையில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே!

நாங்குநேரி என்றதும் நமக்கு வானமாமலைப் பெருமாளும் அந்தக் கோயில் எண்ணெய்க் கிணறும் நினைவுக்கு வரும். 1945 அக்டோபர் 14 அன்று அதே ஊரில் பிறந்தவர் காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங். பந்திப்பூரில் கேட்டால் தெரியும், டேராடூனில் கேட்டால் தெரியும். இங்கே பஸ் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள், “எந்த ஜான்சிங், ஜவுளிக்கடைக்காரரா?” என்பார்கள். 2024 ஜூன் 7 அன்று பெங்களூரில் அவர் காலமானபோது, நானே மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கும் வெட்கம்தான்.

அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். நம் மேற்கு மலை அடிவாரத்துக்குப் பையனைக் கூட்டிப்போய்க் காட்டைக் காட்டியவர்கள். பையன் ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகளைப் படித்தான், அதுவும் தமிழ் மொழிபெயர்ப்பில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல், அதன்பின் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் ஆசிரியர் வேலை. நிரந்தர உத்தியோகம். நம் பக்கத்தில் அதற்குமேல் ஒரு மனிதன் எதற்கு ஆசைப்பட வேண்டும்?

அவர் ஆசைப்பட்டது செந்நாய்க்கு.

செந்நாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புலி மாதிரி தொண்டையைக் கவ்வி ஒரே பிடியில் கொல்லும் வலு அதற்கு இல்லை. கூட்டமாகத் துரத்தி, மானைச் சோரவைத்து, உயிர் போகும் முன்பே வயிற்றைக் கிழித்துத் தின்னத் தொடங்கிவிடும். பார்க்கச் சகிக்காது. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதை வெறுத்தார்கள். அதில் இன்னொரு சங்கதியும் உண்டு: மானைக் கொல்லும் பாத்தியதை துப்பாக்கி வைத்திருந்த தங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தவர்கள் அவர்கள். ஆகவே செந்நாயைக் கண்ட இடத்தில் சுடு, சுட்டதற்குச் சன்மானம் வாங்கிக்கொள் என்று ஆயிற்று. விசாரணையே இல்லாமல் தண்டனை.

இந்தக் குற்றவாளிக்காகச் சாட்சி தேடித்தான் ஜான்சிங் பந்திப்பூர் காட்டுக்குள் போனார். 1976 முதல் 1978 வரை அங்கே இருந்தார். சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியைக் காட்டிலேயே இருந்து ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் நடைதான் அவருடைய வாகனம். மேடையில் இதைச் சொல்லலாமா தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன்: செந்நாய்க் கூட்டம் காட்டுப்பாதை கூடும் இடங்களில் ஒரே இடமாகப் பார்த்து மலம் கழிக்கும். அதைப் பொறுக்கி, அலசி, அதில் கிடக்கும் மயிரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் தின்றது புள்ளிமானா மிளாவா என்று தெரிந்துவிடும். கல்லூரி வாத்தியார் ஒருவர் இந்த வேலையைச் செய்கிறார் என்றால், சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் பார்த்தது என்ன? குட்டி ஈன்ற தாயை வளையில் விட்டுவிட்டு மற்றவை வேட்டைக்குப் போகும். திரும்பி வந்து, தின்ற இறைச்சியைக் கக்கி அந்தத் தாய்க்கும் குட்டிகளுக்கும் கொடுக்கும். ஆண், பெண் என்ற பேதமில்லாமல் கூட்டமே குட்டி வளர்க்கிறது. குட்டிகள் ஓடத் தொடங்கியபின், விழுந்த இரையில் முதல் பந்தி அவற்றுக்குத்தான். நம் வீட்டுக் கல்யாணங்களில் முதல் பந்தி யாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே காட்டில் புலியும் சிறுத்தையும் இருக்கின்றன. மூன்றும் எப்படிச் சேர்ந்து பிழைக்கின்றன என்றும் அவர் கணக்கெடுத்தார். பெரிய உருப்படிகளைப் புலி எடுக்கிறது, அதைவிடச் சிறியவற்றை மற்ற இரண்டும் எடுக்கின்றன. செந்நாய் வந்தால் மான் ஒழிந்துவிடும் என்ற பழைய புகார் அந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. பாவம், அதன்மேல் இரக்கம் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆதாரத்தை எடுத்து வைத்தார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான். இன்று உலகம் முழுவதும் குட்டி போடும் பருவத்துச் செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். நம் களக்காடு, முண்டந்துறையில் அவை இருக்கின்றன. விசில் அடிப்பது போல ஒன்றையொன்று கூப்பிடும்.

1985-இல் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்தார், 2005-இல் அங்கேயே டீனாக ஓய்வு பெற்றார். நாட்டின் பாதிக் காட்டுயிர் ஆய்வாளர்கள் அவர் பின்னால் நடந்து கால் வலித்தவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அங்கே அவர் கையில் எடுத்தது யானையின் வழி வழக்கு. ராஜாஜி பெயரில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது அல்லவா, அதை நடுவே கங்கை பிரிக்கிறது. கிழக்கே சீலா, மேற்கே மோதிச்சூர். காலங்காலமாக யானை கடந்த அந்த இடத்தில் மின்நிலையக் கால்வாய், நெடுஞ்சாலை, ரயில் பாதை, ராணுவக் கிடங்கு, ஊர்கள் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. 1990-லேயே ஜான்சிங்கும் சக ஆய்வாளர்களும் இந்த வழித்தடத்தின் நிலைமையை எழுதி அச்சிட்டார்கள். முப்பது வருடம் கழித்து, 2020-இல், கங்கைக்கு மேற்கே புலி அற்றுப்போகும் நிலை வந்ததால், கார்பெட் காட்டிலிருந்து ஒரு புலியை மயக்க ஊசி போட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வழித்தடத்தில் தானாக நடந்து போயிருக்க வேண்டிய புலி.

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். தமிழில் கார்பெட்டைப் படித்த நாங்குநேரிப் பையன், பிற்காலத்தில் கார்பெட் நடந்த குமாயுன் மலைகளிலேயே நடந்தார். அந்தத் தடத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார், ஆங்கிலத்தில்.

தி.ஜ.ர. மொழிபெயர்த்த ‘குமாயுன் புலிகள்’ என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. அட்டை கிழிந்து, நான் ஒட்டிய பேப்பரோடு. இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூட நூலகங்கள் மூன்றில் அதைத் தேடினேன், கிடைக்கவில்லை. இதோ, அதை இந்த மேசைமேல் வைக்கிறேன். நூலகர் அம்மா, பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். பின்வரிசைத் தம்பி, கடிகாரம் கட்டியிருக்கிறீர்களே, நீங்கள்தான். முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும்.