புகார் சொன்னது யார் என்று ஊருக்குத் தெரிந்தால்?



அரசு சேவைகளை மக்களே தீர்மானிக்க உதவும் செயலிகள், இணையதளங்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். இந்தத் துறையில் ஓயாமல் காதில் விழும் சொல் 'பங்கேற்பு'. ஆளுக்கொரு கைபேசி இருந்தால் போதும், தெருவிளக்கு முதல் குடிநீர் வரை மக்களே கேட்டு வாங்கிவிடுவார்கள் என்கிறார்கள். இங்கிலாந்தில் 2007இல் தொடங்கிய 'ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்' தளம் இதற்கு ஒரு முன்னோடி. சாலையில் பள்ளம் இருந்தால் வரைபடத்தில் குறித்து எழுதலாம். அந்தப் பகுதி உள்ளாட்சிக்கு அது போய்ச் சேரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், புகார் சொல்பவருக்கு அதனால் ஆபத்து வராது என்ற நம்பிக்கையின் மேல் அது நிற்கிறது.

நம் கிராமத்துக்கு வாருங்கள். புகார்ச் செயலி வழக்கமாக முதலில் கேட்பது பெயர், கைபேசி எண், தெரு. இங்கே தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர் மாறினாலும் அது யார் குடியிருக்கும் தெரு என்பது ஊருக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு பெண் தண்ணீர் வரவில்லை என்று எழுதினால், அந்தப் புகார் சுற்றிச் சுற்றி அதே ஊராட்சி அலுவலகத்துக்குத்தான் வரும். மறுநாள் வேலை கேட்டு அவர் நிற்க வேண்டியதும் அதே வாசலில்தான்.

இங்கே பங்கேற்புக்கு விலை உண்டு. தனித்தொகுதியான மேலவளவில் ஊராட்சித் தலைவராகப் பொறுப்பேற்றதற்காக 1997இல் முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்தது அதே மக்களில் மூன்று பேரின் பெயர். அம்மக்கள் அதை ஏற்கவில்லை. வீட்டுக்கு இணைப்பு உண்டா இல்லையா என்று எண்ணும் ஜல் ஜீவன் கணக்கில் இந்தக் கதைக்கு எந்தக் கட்டமும் இல்லை.

அப்படியென்றால் தொழில்நுட்பமே வேண்டாமா? வேண்டும். யாரும் தனியாகக் கைதூக்க வேண்டிய தேவையில்லாத தொழில்நுட்பம் வேண்டும்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1990களில் ஊர் நடுவே மக்கள் விசாரணை நடத்தியது. கூலிப் பட்டியலை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் பணம் போனது அப்போது வெளியே வந்தது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. யாரும் கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டிய தகவல்களை அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தான் அரசு தொடங்கிய 'ஜன் சூச்சனா' தளம் அந்தப் பிரிவைச் செயல்படுத்துகிறது. மக்கள் அமைப்புகளோடு பேசி அதை உருவாக்கினார்கள். ரேஷன், ஓய்வூதியம், வேலைத் திட்டம் என்று ஊர்வாரியாக அதில் பார்க்கலாம். விண்ணப்பம் போட வேண்டாம். பார்த்தது யார் என்று ஊருக்குத் தெரியாது.

நம் மாநிலத்தில் 2022 முதல் ஆண்டுக்கு 6 கிராம சபைகள். அவற்றை மனதில் வைத்து 3 கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, புகார் கொடுத்தவரின் பெயரும் எண்ணும் ஊராட்சி மட்டத்துக்கு இறங்கக் கூடாது. இரண்டு, 'தீர்க்கப்பட்டது' என்ற பொத்தான் அதிகாரி கையில் இருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்கள் சொன்னால்தான் புகார் முடிய வேண்டும். மூன்று, தண்ணீர், விளக்கு, சாலைக்கான செலவைத் தெருவாரியாக வெளியிட வேண்டும். ஊர்த் தெருவுக்கு எவ்வளவு, சேரித் தெருவுக்கு எவ்வளவு என்ற பட்டியலைச் சபையில் படித்துக் காட்ட வேண்டும். அப்போது கேள்வி ஒரு பெண்ணுடையதாக இருக்காது, சபையுடையதாக இருக்கும்.

உங்களில் பலர் மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். அடுத்த முறை 'முகவரி' என்று ஒரு கட்டம் வரையும்போது, அதை நிரப்புகிறவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், அந்தத் தெருவுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்து வரையுங்கள்.