அம்பேத்கரின் கல்லூரிக் கட்டுரை



கல்லூரிக் கட்டுரை எழுதுவது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இளங்கலை முதலாண்டில் 'சாதி' என்று தலைப்புக் கொடுத்தார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை என்று நூலகத்துப் புத்தகம் ஒன்றில் இருந்ததை ஆறு பக்கத்துக்கு அப்படியே எழுதினேன். நல்ல மதிப்பெண். அதே வாரம்தான் எங்கள் சேரிப் பையனைக் காதலித்த ஊர்த்தெருப் பெண்ணை அவர் வீட்டிலேயே அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பையன் என் பெரியப்பா மகன். அண்ணனை இரவோடு இரவாகத் திருப்பூருக்கு அனுப்பினோம். என் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

பிறகுதான் இன்னொரு மாணவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 1916 மே 9, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசிக்கிறார். அதை எப்படிக் கட்டினார் என்று பாருங்கள்.

முதல் படி, வாசிப்பு. செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வரின் வரையறைகளை எடுத்து வைக்கிறார். நானும் இதுவரை வந்தேன், இங்கேயே நின்றுவிட்டேன்.

இரண்டாவது, கேள்வி. தீட்டுதான் சாதியின் அடையாளமா? சேர்ந்து உண்ணாமை சாதிக்குக் காரணமா, அதன் விளைவா? பெரிய பெயர் என்று யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவது, தன் முடிவு: அகமணமே சாதியின் உயிர்.

நான்காவது, நிறுவுதல். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி 'மிகை' ஆகிறாள். அவள் வெளியே மணந்தால் வேலி உடையும். அதற்காகவே உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம். மனைவியை இழந்த ஆணுக்கோ சிறுமியோடு திருமணம். மூன்று கொடுமைகளுக்கும் ஒரே வேரைக் காட்டுகிறார்.

கடைசிப் படி, அடக்கம். தன் கோட்பாடு நிற்காது என்று காட்டினால் கைவிடத் தயார் என்கிறார். 1917இல் அது 'இண்டியன் ஆண்டிக்குவரி' இதழில் அச்சானது.

அதைப் படித்த இரவு அந்தப் பூட்டிய கதவுதான் கண்முன் நின்றது. சாதி வெறும் வேலைப் பிரிவினை என்றால் ஒரு பெண்ணின் காதலுக்கு ஏன் பூட்டு? இந்தக் கேள்வி என் தெருவிலேயே இருந்தது. புத்தகத்தில் இல்லாததால் அது கட்டுரைக்கு ஆகாது என்று நினைத்துவிட்டேன்.

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஆங்கிலம் சரளமாக வராது, நமக்கென்ன தெரியும் என்று பயந்துதான் பார்த்து எழுதுகிறோம். நிறைய வாசியுங்கள். வாசித்ததை உங்கள் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சரிபாருங்கள். பொருந்தாத இடத்தில் உங்கள் கட்டுரையைத் தொடங்குங்கள்.

அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய கட்டுரை யாரிடமாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.