தொடாத பணம்



உலகப் பழங்குடிகள் நாளையொட்டிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். உலகத்துப் பழங்குடிகள் எல்லோரைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசினால் யாரைப் பற்றியும் பேசியதாகாது. அதனால் அமெரிக்காவின் லக்கோட்டா என்ற பழங்குடி மக்களைப் பற்றியும், அவர்கள் கைநீட்டி வாங்க மறுத்த ஒரு தொகையைப் பற்றியும் மட்டும் பேசுகிறேன்.

அமெரிக்க அரசின் கருவூலத்தில் 100 கோடி டாலருக்கும் மேலான பணம் ஒரு கணக்கில் கிடக்கிறது. லக்கோட்டா மக்களுக்கும் அவர்களோடு சேர்ந்த மற்ற சூ இனத்தாருக்கும் உரிய பணம் அது. 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கொடுக்கச் சொன்னது. அன்று சுமார் 10 கோடியே 60 லட்சம் டாலராக இருந்தது, வட்டி ஏறி ஏறி இந்த அளவுக்கு வந்திருக்கிறது. ஒரு டாலரைக்கூட அவர்கள் தொடவில்லை.

வசதி இருப்பதால் தொடாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கு டகோட்டா மாநிலத்தில் அவர்கள் வாழும் பைன் ரிட்ஜ், அமெரிக்காவிலேயே மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. இருக்கிற வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு குளிர்காலத்தைத் தள்ளுகிற ஊர்கள் அங்கே உண்டு. அந்த மக்கள்தான் வேண்டாம் என்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் 1868-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு லாரமி கோட்டையில் அமெரிக்க அரசு இவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பிளாக் ஹில்ஸ் என்ற கருமலைத் தொடர் உட்படப் பெரும் நிலப்பரப்பு இவர்களுக்கே என்று எழுதிக் கொடுத்தது. வளர்ந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் அந்த நிலத்தில் ஒரு பகுதியைக்கூட மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஆறே ஆண்டில் கஸ்டர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியின் படை மலைக்குள் நுழைந்து தங்கம் இருப்பதாக அறிவித்தது. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரைப் போரில் கஸ்டர் இவர்களிடம் தோற்று மாண்டார். அந்தப் போரைப் படமாக எடுத்துத் தீர்த்துவிட்டார்கள், அதனால் அதை விட்டுவிட்டு அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். மலையைக் கொடுத்தால்தான் ரேஷன் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பசியோடு இருந்தவர்களிடம் கையெழுத்து வேட்டை நடத்தியும் பத்தில் ஒருவர்தான் கையெழுத்திட்டார். நான்கில் மூன்று பங்கு எங்கே, பத்தில் ஒன்று எங்கே? ஆனாலும் 1877-இல் மலை பறிபோனது. நம் வரலாற்றில் இதைவிட அப்பட்டமான நேர்மைக்கேட்டைக் காண முடியாது என்ற பொருளில் அமெரிக்க நீதிமன்றமே பின்னாளில் எழுதியது.

அப்படி எழுதிய பிறகும் தீர்ப்பில் கிடைத்தது பணம்தான், மலை கிடைக்கவில்லை. வீட்டை அபகரித்தவர் நூறு வருடம் கழித்து வந்து, அந்தக் காலத்து விலையை வட்டியோடு தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்றால் போடுவீர்களா? பணத்தை வாங்கினால் விற்றதாகிவிடும். நாங்கள் விற்கவே இல்லை என்பதுதான் அவர்கள் வழக்கு.

அந்த மலை அவர்களுக்கு யார் என்பதையும் சொல்ல வேண்டும். கருமலையின் தென்பகுதியில் விண்ட் கேவ் என்று ஒரு குகை இருக்கிறது. அதன் இயற்கையான வாசல், ஓர் ஆள் நுழைவதே கடினமான சிறிய துளை. அதன் முன்னால் ஒரு நாடாவைப் பிடித்தால் சில நேரம் வெளிப்பக்கம் படபடக்கும், சில நேரம் உள்ளே இழுபடும். வெளியே காற்றழுத்தம் மாற மாற அந்தக் குகை மூச்சு விடுகிறது. மனிதரும் பைசன் எருமைகளும் பூமிக்கு அடியிலிருந்து அந்த வழியாகத்தான் மேலே வந்தார்கள் என்கிறது லக்கோட்டா மரபு. பிறந்த வாசலுக்கு விலை சொல்லத்தான் அவர்களுக்கு வாய் வரவில்லை.

நிலத்தைப் பறித்தது போதாதென்று வழிபாட்டிலும் கை வைத்தார்கள். 1883-இல் வந்த விதிகளின்படி சூரிய நடனம் குற்றம். ஆடினால் ரேஷன் நிறுத்தம், மறுபடி ஆடினால் சிறை. நோன்பிருந்து, நடுவே நட்ட காட்டன்வுட் மரத்தைச் சுற்றி நாள்கணக்கில் ஆடும் வேண்டுதல் அது. மறைவிடங்களில் ஆடிக் காப்பாற்றினார்கள். பழங்குடிகளின் வழிபாட்டுரிமையைக் காக்க அமெரிக்கா சட்டம் இயற்றியது 1978-இல்தான். அந்தச் சடங்கைப் படம் பிடிக்கப் பெரியவர்கள் இன்றும் அனுமதிப்பதில்லை. அதற்கு மேல் விவரிக்க எனக்கும் உரிமை இல்லை, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி பிள்ளைகள். 1879-இல் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் ஆகிய லக்கோட்டா பகுதிகளிலிருந்து பிள்ளைகளை மிசௌரி ஆற்றில் கப்பலேற்றிப் பென்சில்வேனியாவின் கார்லைல் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு சிறுவன் பிற்காலத்தில் எழுத்தாளர் லூதர் ஸ்டாண்டிங் பேர் ஆனார். கரும்பலகை முழுக்க ஏதோ எழுதியிருந்தது, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து அதில் ஒன்றைத் தொடச் சொன்னார்கள், அதுதான் இனி உன் பெயர் என்றார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை, தான் தொட்டது என்னவென்றே அறியாமல் தன் பெயரை இழந்தான். அந்தப் பெயரைத் துணியில் எழுதிச் சட்டை முதுகில் தைத்தார்கள். தலைமுடியை வெட்டினார்கள். நோய்வாய்ப்பட்டு இறந்த பிள்ளைகளை அங்கேயே புதைத்தார்கள்.

2015-இல் ரோஸ்பட்டைச் சேர்ந்த சில இளைஞர்கள் வாஷிங்டன் போய்த் திரும்பும் வழியில் கார்லைலில் இறங்கினார்கள். கல்லறைக் கற்களில் தங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். இவர்களை ஏன் இன்னும் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை என்று கேட்டார்கள். பெரியவர்கள் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. கல்லறை இருந்த நிலம் ராணுவத்தின் கையில் இருந்தது. கடிதம், கூட்டம், சான்று என்று ஆண்டுகள் ஓடின. 2021 ஜூலையில் ஒன்பது பிள்ளைகளின் எச்சங்கள் ரோஸ்பட்டுக்கு வந்து சேர்ந்தன. 1879-இல் கப்பலேறிய ஆற்றங்கரையில் வண்டிகளை நிறுத்தி வரவேற்றார்கள். பெரியவர்களை இந்த வேலையில் இறக்கியவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள். தன்னாட்சி என்று நாம் ஏட்டில் படிப்பதை அந்தப் பிள்ளைகள் செய்து காட்டினார்கள் என்பேன்.

மலை விஷயத்திலும் அவர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. கருமலையின் நடுவே பெ ஸ்லா என்ற புல்வெளி, தலைமுறைகளாகச் சடங்கு நடக்கும் இடம். 2012-இல் அது ஏலத்துக்கு வந்தபோது, ரோஸ்பட் உள்ளிட்ட சூ இனக் குழுக்கள் ஒன்றுகூடி நிதி திரட்டி, சுமார் 2,000 ஏக்கரை 90 லட்சம் டாலர் கொடுத்து வாங்கின. தன் நிலத்தைத் தானே விலைக்கு வாங்குவதா, அது தோல்வியில்லையா என்று அவர்களுக்குள்ளேயே வாதம் எழுந்தது. எனக்கு அது தோல்வியாகப் படவில்லை. கருவூலத்துப் பணத்தைத் தொடாமல், சொந்தக் காசைப் போட்டுப் புனித இடத்தைக் காத்தவர்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று அங்கே மறுபடியும் பைசன்கள் மேய்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும், மலையைத் திருப்பிக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராத கோரிக்கை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் 1985-இல் செனட்டர் பில் பிராட்லி கொண்டுவந்த மசோதாவைப் படிக்கட்டும். கருமலையில் மத்திய அரசின் கையில் இருந்த சுமார் 13 லட்சம் ஏக்கரை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொன்னது அது. எந்தக் குடியானவரின் தோட்டத்தையும், எந்தக் குடும்பத்தின் வீட்டையும் அது கேட்கவில்லை. அதிபர்களின் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலையைக்கூட விட்டுவைத்தது. அது சட்டமாகவில்லை. ஆனால் அது கேட்ட நிலத்தில் பெரும்பகுதி இன்றும் அமெரிக்க அரசின் வனத்துறையிடம்தான் இருக்கிறது. 1877-இல் ஒரு சட்டம் போட்டுத்தான் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு சட்டம் போட்டுக் கொடுக்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.