உலாவிக்கு ஒரு சாரதி

வீட்டிலிருந்தபடியே பிரயாணத்துக்கு ஆசனம் பதிவு செய்யவும் கட்டணங்களைச் செலுத்தவும் இணையத்தளங்கள் இன்று உதவுகின்றன. இத்தகைய தளமொன்றில் சிறு திருத்தம் செய்யப்பட்டாலும், அதுவரை ஒழுங்காக இயங்கிய வேறொரு பகுதி பழுதாகிவிடக்கூடும். பணம் கழிக்கப்பட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் வராமற் போனால், அல்லற்படுபவர் தளத்தை நம்பி வந்தவரே. ஆதலால், ஒவ்வொரு திருத்தத்தின் பின்பும் தளம் முழுவதையும் பரீட்சித்தல் இன்றியமையாதது. ஆயின், நூற்றுக்கணக்கான படிவங்களை நாள்தோறும் மனிதரே நிரப்பிப் பார்த்தல் இயலக்கூடிய காரியமா? இவ்வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் முயற்சியிலிருந்து பிறந்ததுதான் செலினியம் என்னும் மென்பொருள்.

2004ஆம் ஆண்டில், சிக்காகோ நகரில் தோட்வேர்க்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஜேசன் ஹகின்ஸ் என்பவர் இதனை ஆக்கினார். அப்போது சோதனை நிரல், பரீட்சிக்கப்படும் பக்கத்தின் உள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட் வடிவில் நின்று இயங்கியது. ஆனால், ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் பக்கத்திற் கைவைப்பதைப் பாதுகாப்பின் பொருட்டு உலாவிகள் தடுத்துவிடுகின்றன. பணம் செலுத்துவதற்காக வேறொரு தளத்துக்குச் செல்லவேண்டிய இடத்திற் சோதனை தடுமாறி நின்றது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த சைமன் ஸ்டூவர்ட் என்பவர், வெப்டிரைவர் என்ற பெயரில் வேறொரு வழியைக் கண்டார். உலாவியை உள்ளிருந்து இயக்காது, வெளியிலிருந்து செலுத்துவதே அவ்வழி. தேரில் இருப்போரே தேரைத் தள்ள முயல்வதை விடுத்து, கடிவாளம் பிடிக்க ஒரு சாரதியை அமர்த்தியது போன்றது அது. இவ்விரு முறைகளும் ஒன்றிணைந்து 2011இற் செலினியம் 2 வெளியாயிற்று. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெப்டிரைவர் முறை உலகளாவிய இணைய நியமமாகவும் ஏற்கப்பட்டது.

இந்தச் சாரதி செய்யும் தொழில் யாது? சோதனை நிரல், "இப்பொத்தானை அழுத்துக" என்று கட்டளையிடுகின்றது. அக்கட்டளை ஒரு மடல்போலச் சாரதி மென்பொருளைச் சென்றடைகின்றது. சாரதி அதனை உலாவிக்கு விளங்கும் வகையில் எடுத்துரைத்து, நிகழ்ந்ததை நிரலுக்கு மீள அறிவிக்கின்றது. ஒவ்வோர் உலாவிக்கும் அதற்குரிய சாரதி உண்டு. குரோமுக்குக் குரோம்டிரைவர், பயர்ஃபொக்ஸுக்குக் கெக்கோடிரைவர், எட்ஜுக்கு எட்ஜ்டிரைவர். அப்பிள் கணினிகளில் உள்ள சஃபாரிக்குரிய சாரதி உலாவியுடனேயே வருவது. அதனை இயங்க அனுமதித்தால் மட்டும் போதும்.

ஏனையவற்றை அமைக்கும் முறை இதுதான். முதலில், கணினியிலுள்ள உலாவியின் பதிப்பு எண்ணை அறிதல் வேண்டும். அடுத்து, அதற்குப் பொருந்தும் சாரதியைப் பெற்று, கணினி நிரல்களைத் தேடும் பாதையில் வைத்தல் வேண்டும். பின்பு, ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் தலைப்பைப் படித்து, உலாவியை மூடும் ஒரு சிறு சோதனையால் அமைப்பைச் சரிபார்த்தல் நலம். மூடும் கட்டளையை மறந்துவிட்டால், கைவிடப்பட்ட உலாவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவகத்தில் தங்கி, கணினியைத் தளரச் செய்யும்.

பெரும்பாலான தொல்லைகள் பதிப்புப் பொருத்தத்திலேயே விளைகின்றன. குரோம் உலாவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது. சாரதியோ வைத்த இடத்தில் பழைய பதிப்பாகவே இருக்கும். நேற்று மாலை வெற்றியுடன் முடிந்த சோதனைகள் யாவும் இன்று காலை தோல்வியுறும். தளத்திற் குற்றம் ஏதுமில்லை. குதிரை மாறியதைச் சாரதி அறியவில்லை, அவ்வளவே.

இதனைச் சிறு இடையூறு என்று தள்ளிவிடலாகாது. காரணமின்றி அடிக்கடி தோல்வி காட்டும் சோதனையை ஊழியர்கள் நாளடைவிற் பொருட்படுத்தமாட்டார்கள். "புலி வருகிறது" என்று வீணே கூவிய சிறுவனுக்கு நேர்ந்ததே இங்கும் நேரும். உண்மையான பழுதொன்றைச் சோதனை சுட்டிக்காட்டும் நாளில், அதனை நம்புவார் இரார். அப்பழுது பொதுமக்களைச் சென்றடையும்.

இக்குறையை நீக்க வழிகள் பிறந்துள்ளன. 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான செலினியம் 4.6 முதல், செலினியம் மனேஜர் என்னும் துணைக் கருவி உலாவியின் பதிப்பைத் தானே கண்டறிந்து, பொருத்தமான சாரதியையும் தருவித்துக்கொள்கின்றது. 2023இல், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாத, சோதனைக்கென்றே அமைந்த குரோம் பதிப்பும் வெளிவந்தது. எனினும், பாதையில் எவரோ முன்பு வைத்து மறந்த பழைய சாரதி இருப்பின், அதுவே முந்திக்கொள்ளும். வெளி இணையத் தொடர்பற்ற கணினிகளில் சாரதியைக் கையாலேயே கொண்டுவந்து வைக்கவும் நேரும். ஆகவே, சோதனை தோல்வியுற்றதும் தளத்தைக் குறைகூறுமுன், உலாவியின் எண்ணையும் சாரதியின் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தேர்ந்தவர் வழக்கம். அதற்கு ஒரு நிமிட நேரம் போதும்.