மர்மக்கதையும் நூதனசாலைச் சொற்களும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரத்தில் ஒரு மாணவன், நூதனசாலைக் களவு பற்றிய துப்பறியும் கதையொன்றைக் கையிலெடுப்பானாயின், கள்வனுக்கு முன்பாகச் சில சொற்களே அவனுக்குப் புதிராய் நிற்கும். அச்சொற்களுக்கு அகராதியைக் காட்டிலும் சிவபுரத்து நடராசர் வரலாறு நல்லதோர் உரை.

1951 இல் கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில், நிலத்தைத் தோண்டியபோது சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 'திருமேனி' என்பது கோயிலார் வழக்கு. நூதனசாலைக்குள் புகுந்ததும் அதுவே 'படிமம்' ஆகிவிடுகிறது. பின்னர் பழுதுபார்க்கச் சென்ற நடராசர் திரும்பவில்லை, வந்தது வேறொன்று. பார்த்துச் செய்ததென்று சொல்லிவைத்தால் அது 'பிரதி'. மூலமென்று நம்பவைத்தால் 'போலி'. உலோகமும் உருவமும் ஒன்றே. வேறுபாடு கொடுப்பவன் நெஞ்சில் இருக்கிறது.

கோயிலிலுள்ளது புதுவார்ப்பு என்பதை 1965 இல் டக்ளஸ் பாரெட் என்னும் பிரித்தானிய அறிஞர் தமது நூலில் எழுதினார். மூலத்தையோ 1973 இல் அமெரிக்காவின் நோர்ட்டன் சைமன் அறக்கட்டளை விலைக்கு வாங்கிற்று. இங்கேதான் 'உடைமை வரலாறு' என்ற சொல் வேண்டப்படுகிறது: ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்போது, எவ்வாறு சென்றது என்னும் நிரல். கதைகளில் துப்பறிவோன் தேடுவதும் பெரும்பாலும் அந்நிரலில் விடுபட்ட ஒரு கண்ணியைத்தான். இந்திய அரசு வழக்காடியது. 1976 இல் இணக்கம் ஏற்பட்டது. அதன்படி பத்தாண்டுகள் அங்கே காட்சிக்கிருந்து, 1986 இல் நடராசர் நாடு திரும்பினார்.